ஓவர்சியர் வீட்டுப் பின்சுவர்

சத்தியதாஸின் வீட்டைப் பார்க்கவென்றே திருவனந்தபுரத்தில் குன்னுகுழிக்கு ஆட்கள் வந்த காலம் உண்டு. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு. சத்தியதாஸ் மராமத்து ஆபீஸில் ஓவர்சியர். மலைச்சரிவில் ரோடு வெட்டுவது, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகக் கலுங்கு கட்டுவது, கரை இடியாமல் கல்சுவர் எழுப்புவது எல்லாம் அவர் கைபட்ட வேலைகள். ஊருக்காகப் பத்து வருஷம் கட்டியபிறகு தமக்காக ஒரு வீடு கட்டினார். சுவருக்கு உள்ளும் புறமும் சிமெண்டுப் பூச்சு, முகம் தெரியும்படி தேய்த்த சிவப்புத் தரை, மேலே மங்களூர் ஓடு. அந்தச் சரிவில் மற்றவர்கள் இன்னும் செம்மண் சுவரும் சாணித் தரையுமாக இருந்தார்கள்.

அவருக்கு அந்த வீடு வெறும் வீடில்லை. அவருடைய தாத்தா, தங்கள் ஜனம் ஓடு போட்டு வீடு கட்டக் கூடாது என்று மேல்ஜாதியார் விதித்திருந்த காலத்தில் பிறந்தவர். அப்பா தாசையன் பாறசாலைப் பக்கம் பனையேறியவர்; பனையோலைக் கூரைக்கு வெளியே ஒரு ராத்திரிகூட உறங்கியதில்லை. புதுவீட்டு ஜெபத்துக்கு வந்த தாசையன், போதகரும் விருந்தாளிகளும் போன பிறகு, மேல்துண்டை விரிக்காமலே அந்தச் சிவப்புத் தரையில் படுத்துக் கன்னத்தை வைத்துக்கொண்டார். “மக்கா, இது கெணத்துத் தண்ணி போலல்லா இருக்கு” என்றார். அந்த வருஷக் கடைசியில் அவர் இறந்தபோது, அப்பா ஒரு தடவையாவது ஓட்டு வீட்டில் படுத்தார் என்பதுதான் சத்தியதாஸுக்கு ஆறுதல்.

மனையை அவர் சரிவில் வாங்கியிருந்தார். குன்றின் வயிற்றை வெட்டி இடம் சமன் செய்தபோது, அறைகள் நீளமாக வரவேண்டும் என்று, பின்சுவரை வெட்டிய மண்ணை ஒட்டியே எழுப்பிவிட்டார். மண்ணுக்கும் சுவருக்கும் இடையில் விரல் நுழைய இடமில்லை. பின்னறையில் மீன மாத வெயிலிலும் குளிர்ச்சியாக இருந்தது. வருகிறவர்களிடம் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார். வீட்டில் நல்ல அறை அது என்று மகள் ரோஸுக்குக் கட்டிலை அங்கே போட்டார். அவளுக்கு அப்போது ஆறு வயது.

இரண்டாம் வருஷம் ஜூனில் இடவப்பாதி மழை பிடித்ததும் அலமாரிக்குப் பக்கத்தில் சுவரில் சாம்பல் நிறத்தில் புள்ளிகள் வந்தன. அவர் மனைவி செல்லபாய் ஈரத்துணியால் துடைத்தாள். நாலு நாளில் திரும்ப வந்தன. இந்த முறை கறுப்பாக. சுண்ணாம்பு அடித்துப் பார்த்தாள், வேப்பிலை போட்டுப் புகை காட்டினாள். ரோஸ் ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு போகும் செருப்பில் பச்சைப் பூசணம் பிடித்தது. தலையணை உறையில் புள்ளி விழுந்தது. வேதபுத்தகத்தின் தோல் அட்டை வெள்ளையாகப் பூத்தது. மழைக்காலத்தில் எந்த வீட்டில்தான் பூக்கவில்லை என்று சத்தியதாஸ் சொன்னார். அதுவும் உண்மைதான். திருவனந்தபுரத்தில் மழைக்காலத்தில் ஊறுகாய் பூக்கும், பெட்டியிலிருக்கும் பட்டு பூக்கும், பெட்டியும் பூக்கும். அதனால் செல்லபாய் மறுபடியும் ஈரத்துணியை எடுத்தாள்.

பிறகு ரோஸுக்கு இருமல் வந்தது. இருமல் இழுப்பாக மாறியது. விடியற்காலையில் குழந்தை எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவது மாதிரி ஒரு சத்தம். செல்லபாய்க்குக் கண் அரித்துச் சிவந்தது. சத்தியதாஸுக்கும் காலையில் தும்மல் தொடங்கினால் நிற்காது. வேலைத்தலத்துச் சிமெண்டுப் பொடி என்று அவர் அதைத் தள்ளிவிட்டார்.

டாக்டர் நீலகண்டன் ரோஸின் நெஞ்சை நெடுநேரம் கேட்டார். கைராசிக்காரர், அவசரப்படாதவர். காச நோயின் ஆரம்பமாக இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஈரக்காற்றும் குளிரும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் சத்தியதாஸ் பின்னறையின் ஒரே பக்கவாட்டு ஜன்னலையும் அடைத்தார். இழுப்பு கூடியது.

காசம் என்ற சொல் எப்படியோ சரிவில் இறங்கிப் போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட வருவது நின்றது. ஞாயிற்றுக்கிழமை வேதபாட வகுப்பில் ரோஸ் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. பெஞ்சு முழுவதும் தனக்குத்தான் என்று அவள் வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொன்னாள். செல்லபாய் சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த ஆடியில் மலைமேல் போனக்காடு என்ற இடத்திலிருந்து ஆள் வந்தது. செல்லபாயின் அண்ணன் ராஜையன் அங்கே தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். அவன் மனைவி தாசம்மாளுக்குப் பேறுகாலம். துணைக்குப் பெண்கள் யாருமில்லை. போகாமல் முடியாது. ரோஸைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று சத்தியதாஸ் தடுத்தார். போனக்காட்டில் வெயிலே விழாது, மேகம் வீட்டுக்குள் வந்து போகும், சாதாரண நெஞ்சுக்கே ஆகாத இடம் என்றார். ஆனால் காலையில் ஆபீஸ் போனால் இருட்டித் திரும்புகிற மனிதர் நோயாளிக் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கடைசியில் இரண்டு கம்பளியும் மருந்துக் குப்பியுமாகத் தாயும் மகளும் விதுரை வரை பஸ்ஸிலும், அங்கிருந்து எஸ்டேட் லாரியிலும் போனார்கள்.

ராஜையனின் வீடு பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகத் தூண்கள் மேல் நின்றது. தரைக்கு அடியில் காற்று ஓடும். பலகை இடுக்கிலும் காற்று. கூரையில் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது. முதல் நாள் செல்லபாய் பயந்துகொண்டே பிள்ளையைப் படுக்க வைத்தாள். ரோஸ் விடியும்வரை புரளாமல் தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். ஒரு வாரத்தில் எஸ்டேட் பிள்ளைகளோடு தேயிலைப் பாத்திகளுக்கு நடுவே ஓடினாள். தலை நனைந்து, காலில் அட்டை கடித்த ரத்தத்தோடு வந்து, பசிக்கிறது என்று கேட்டாள். பசி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டுப் பல வாரம் ஆகியிருந்தது. செல்லபாயின் கண் அரிப்பும் எப்போது நின்றது என்று தெரியாமல் நின்றிருந்தது. தாசம்மாளுக்கு ஆண்குழந்தை பிறந்து, அவள் எழுந்து நடமாடும்வரை அங்கே மழை ஒரு நாள்கூட விடவில்லை. ரோஸுக்கு ஒரு நாள்கூட இழுப்பு வரவில்லை.

குன்னுகுழிக்குத் திரும்பினார்கள். ரோஸ் தன் கட்டிலில் படுத்தாள். மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள்.

சத்தியதாஸ் ஆபீஸுக்குப் புறப்படும்போது செல்லபாய் சொன்னாள்: “பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. இந்த வீட்டுக்குத்தான் சீக்கு.”

அவர் நின்றார். “எனக்க வீட்டுக்கா?”

“ஆமா.”

“போனக்காட்டு மழையில நனையவிட்டுட்டு வந்து எனக்க வீட்டைக் குத்தம் சொல்லுதியா?”

“அங்க நனைஞ்சுகிட்டுத்தான் நடந்தா. மழையில இழுப்பு வரல்ல, குளிருல வரல்ல. இஞ்ச வந்து அந்தச் சுவருக்கிட்ட படுத்தா வருது.”

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானமே செல்லபாய் ரோஸின் கட்டிலைத் தனியாக இழுத்துக்கொண்டு வந்து முன்ஹாலில் ஜன்னலுக்குக் கீழே போட்டாள். ஜன்னலையும் திறந்து வைத்தாள். மாலையில் வந்த சத்தியதாஸ் விருந்தாளிகள் உட்காரும் இடத்தில் கட்டில் கிடப்பதைப் பார்த்தார். குழந்தை அங்கே முன்னைவிட நன்றாகத் தூங்கியது. அதையும் அவர் பார்த்தார்.

அவருக்குக் கோபமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கோபத்தைவிடப் பெரியதாக ஒன்று இருந்தது. அப்பா கன்னம் வைத்த வீடு. அதை நோய்பிடித்த வீடு என்று எப்படி ஒப்புக்கொள்வது?

இந்தச் சமயத்தில் சபையார் ஒரு பொறுப்பை அவரிடம் கொடுத்தார்கள். தெற்கே கிராமங்களிலிருந்து வந்து படிக்கும் பெண்பிள்ளைகள் நாற்பது பேருக்கு ஒரு போர்டிங் கட்டவேண்டும். நந்தன்கோட்டைத் தாண்டி இடம் கிடைத்திருந்தது, அதுவும் சரிவு. ஓவர்சியர் தம் வீடு போலவே உறுதியாக, அழகாக ஒரு பிளான் வரைந்து தரவேண்டும் என்று போதகர் கேட்டார். இதைவிட வேறு கௌரவம் சத்தியதாஸுக்கு வேண்டியதில்லை. இரண்டு வாரம் சாயந்தரங்களில் உட்கார்ந்து வரைந்தார். முடிந்ததும் மேஜையில் விரித்துச் செல்லபாயைக் கூப்பிட்டார். வீட்டில் பல நாளாகக் குறைந்திருந்த பேச்சு அன்று திரும்பியது.

செல்லபாயும் சிறுமியாக இருந்தபோது போர்டிங்கில் தங்கிப் படித்தவள். சமையலறை எங்கே, கிணறு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் பென்சிலால் காட்டினார்.

“பின்சுவரு?” என்றாள்.

“நம்ம வீடு போலத்தான். மண்ணோட சேந்து. நல்ல குளிர்ச்சி.”

“பிள்ளையளுக்குத் தலைமாடு எங்க வரும்?”

பென்சில் பின்சுவர் நெடுகப் போனது. செல்லபாய் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“அப்பம் அங்க நாப்பது ரோஸ் கெடப்பா” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சத்தியதாஸ் பிளானைச் சுருட்டினார். சுருட்டியதைக் கட்ட நூலைத் தேடினார். நூல் கண்ணெதிரே இருந்தும் எடுக்காமல் நின்றார்.

மறுநாள் சனிக்கிழமை. ஐப்பசியின் துலாமழை ஓங்கிப் பெய்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் குன்றின்மேல் ஏறினார். வீடு கட்டிய நாளிலிருந்து மழையில் அங்கே போய் நின்றதில்லை. மேலிருந்து வழிகிற தண்ணீர் எல்லாம் வீட்டை நோக்கி வந்தது. ஓட்டு விளிம்புக்கு அருகே வந்ததும் காணாமல் போனது. ஓடவில்லை, தேங்கவில்லை. மண் குடித்தது. குடித்ததை மண் எங்கே கொண்டுபோய் விடும்? சுவருக்குள்தான்.

அவர் நனைந்துகொண்டு நின்றார். மலைரோட்டில் ஒரு கல்சுவர் கட்டினால், பின்னால் தண்ணீர் வடிய ஓடை வெட்டாமல், சுவரில் துவாரம் விடாமல் ஒரு நாளும் விட்டதில்லை. மறந்த கொத்தனைக் கொண்டே சுவரை இடித்து மறுபடி கட்ட வைத்தவர். கட்டைவண்டி போகிற ரோட்டுக்குக் கொடுத்ததைத் தம் பிள்ளை படுக்கும் அறைக்குக் கொடுக்கவில்லை. இரண்டு முழம் நீளத்துக்கு ஆசைப்பட்டது கண்ணை மறைத்துவிட்டது.

ஈர வேட்டியோடு உள்ளே வந்து செல்லபாயைக் கூப்பிட்டார். அலமாரியின் ஒரு பக்கத்தை அவளைப் பிடிக்கச் சொன்னார். இருவரும் நகர்த்தினார்கள். பின்னால் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குச் சுவரே தெரியவில்லை. கறுப்பும் பச்சையுமாக, எலித்தோல் மாதிரி மெத்தென்று பூசணம் படர்ந்திருந்தது. வாடை முகத்தில் அடித்தது. அவர் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். சிமெண்டுப் பூச்சு அப்பளம் போல ஒரே துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல் நிறத்து வெட்டுகல்லில் தண்ணீர் மினுங்கியது. உள்ளே வந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் சிமெண்டு பூட்டி வைத்திருந்தது.

சத்தியதாஸ் கட்டிலில்லாத அந்த அறையில் வெறும் தரையில் உட்கார்ந்தார்.

“நான் கட்டினது” என்றார்.

செல்லபாய் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். “கட்டினவருக்குத்தான் இடிக்கவும் தெரியும்” என்றாள்.

திங்கட்கிழமை போதகரும் சபையின் கமிட்டிக்காரர்கள் சிலரும் பிளானை வாங்க வருவதாக இருந்தது. அலமாரியைப் பழையபடி தள்ளிவைத்து, கதவைச் சாத்திவிடலாமா என்று செல்லபாய் கேட்டாள். வருகிறவர்கள் முன்னால் அவருடைய தலை குனிவதை அவள் விரும்பவில்லை. அவர் வேண்டாம் என்றார்.

வந்தவர்கள் சிவப்புத் தரையைப் புகழ்ந்துகொண்டே நுழைந்தார்கள். அவர் யாரையும் உட்காரச் சொல்லாமல் நேரே பின்னறைக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒருவர் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார்.

“இந்தச் சுவரை ரோட்டுக்குக் கட்டியிருந்தா நான் இப்படிக் கட்டியிருக்க மாட்டேன்” என்றார் சத்தியதாஸ். “வீட்டுக்குக் கட்டினதுனால பெருமையில மறந்துபோனேன். எனக்க பிள்ளைக்கு மூச்சு முட்டினது இதுனாலதான். போர்டிங்குக்கும் இதே சுவரைத்தான் வரைஞ்சு வச்சிருக்கேன். அந்தப் பிளான் வேண்டாம். வேற தாறேன்.”

கமிட்டியில் பெரியவரான ஒருவர் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். இதையெல்லாம் வெளியே சொன்னால் ஓவர்சியர் என்ற பேர் கெடும், ஒரு சுண்ணாம்பு அடித்தால் போகிற காரியம் என்றார்.

“சுண்ணாம்பு இவ அடிச்சுப் பாத்தாச்சு” என்று சத்தியதாஸ் வாசலில் நின்ற மனைவியைக் காட்டினார். “வீட்டுலதான் குத்தம்னு கண்டுபிடிச்சதும் இவதான். நான்தான் கேக்கல்ல.”

செல்லபாய் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனிதரை எத்தனையோ மேடையில், எத்தனையோ திறப்புவிழாவில் பார்த்திருக்கிறாள். உதிர்ந்த காரைக்கு நடுவில் அழுக்கு வேட்டியோடு அன்று நின்றதைப் போல அவர் நிமிர்ந்து நின்று அவள் பார்த்ததில்லை. போதகர் வெகுநேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது முன்ஹால் கட்டிலில் உட்கார்ந்திருந்த ரோஸின் தலையில் கை வைத்தார். அடுத்த ஞாயிறு வேதபாட வகுப்பில் அவர் தம் சொந்தப் பேத்தியை ரோஸின் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு அந்தப் பெஞ்சு நிறைந்தது.

இடிக்கும் வேலை மழை விட்டதும் தொடங்கியது. கொத்தன் வேலாயுதன் ஆட்களோடு வந்தான். லீவு எடுத்துக்கொண்டு சத்தியதாஸும் வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டியோடு இறங்கினார். சுவருக்குப் பின்னால் ஆள் நடக்கிற அகலத்துக்குக் குன்றை வெட்டி, மண் சரியாமல் துவாரம் விட்டுக் கல்சுவர் கட்டினார்கள். அடியில் கல் பாவி ஓடை எடுத்து, தண்ணீரை ரோட்டோர வடிகாலில் கொண்டுபோய் விட்டார்கள். பின்சுவரில் சிமெண்டைக் கொத்தி எறிந்தார்கள். பூத்த மெத்தையையும் அலமாரியின் பின்பலகையையும் முற்றத்தில் போட்டு எரித்தார்கள். சரிவில் போகிறவர்கள் நின்று, ஓவர்சியர் புதுவீட்டை இடிக்கிறாரே என்று சிரித்தார்கள். முன்பானால் அவர் முகம் சிவந்திருக்கும். இப்போது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டு, ஈரக் கல்லை அவர்கள் கையில் கொடுத்தார்.

தோலுரித்த சுவரை மகரத்து வெயிலிலும் காற்றிலும் அப்படியே காய விட்டார்கள். அதன்பிறகு சுண்ணாம்புக் காரை பூசினார்கள்; சுவர் மூச்சு விடும் என்றான் வேலாயுதன். குன்றைப் பார்க்க இரண்டு ஜன்னல் திறந்தார்கள்.

டாக்டர் நீலகண்டனிடம் செல்லபாயே போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ரோஸின் நெஞ்சை மறுபடியும் கேட்டார். காசமில்லை என்று இந்த முறை நிச்சயமாகச் சொன்னார். நெஞ்சை மட்டும் கேட்டேன், பிள்ளை எங்கே தூங்குகிறது என்று கேட்கவில்லை என்று அவரே சொன்னார். ஒரு நாள் நேரில் வந்து ஓடையில் இறங்கி நடந்தும் பார்த்தார்.

அடுத்த இடவப்பாதி வந்தது. ரோஸுக்கு இழுப்பு அடியோடு போய்விடவில்லை. சளி பிடித்தால் லேசாக வரும். இரண்டு நாளில் போகும். மற்றபடி அவள் பின்னறையில், தன் கட்டிலில், குன்றின் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். சத்தியதாஸின் காலைத் தும்மலும் நின்றது. வேலைத்தலத்தில் சிமெண்டுப் பொடியோ முன்னைப் போலத்தான் பறந்துகொண்டிருந்தது. போர்டிங் அந்த வருஷக் கடைசியில் திறந்தது. பின்னால் இரண்டு பேர் கைகோத்து நடக்கிற அளவு இடைவெளி, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஜன்னல். திறப்பு அன்று சத்தியதாஸ் யாரையும் முன்வாசலில் நிற்கவிடவில்லை. எல்லாரையும் பின்னால் கூட்டிக்கொண்டு போய் ஓடையைத்தான் காட்டினார்.

இந்தக் கதை ஊரில் பரவியது. ஆட்கள் மறுபடி குன்னுகுழிக்கு வரத் தொடங்கினார்கள். ஆனால் இப்போது வீட்டைப் பார்க்க இல்லை, தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக. கரமனையில் ஒரு வீடு, வஞ்சியூரில் ஒரு வக்கீலின் வீடு என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கணவனும் மனைவியுமாகக் கிளம்பினார்கள்.

ஒரு மழை நாளில் பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக் கடைக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அவருடைய பிள்ளைகள் இருவருக்கும் விடாத இருமல். கடைக்காரர் குடையோடு வாசலுக்கு ஓடி வந்து, ஓவர்சியர் சார் மட்டும் வந்தால் போதுமே, மழையில் அம்மா எதற்குச் சிரமப்படவேண்டும் என்று உபசாரமாகச் சொன்னார்.

“நான் சுவரு பாக்கத்தான் வந்தேன்” என்றார் சத்தியதாஸ். “எந்தச் சுவருன்னு இவதான் சொல்லணும்.”

செல்லபாய் சேலையைக் கொசுவிப் பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே போனாள். பிள்ளைகள் எங்கே படுக்கும் என்று அவள் கேட்பது வெளியே அவருக்குக் கேட்டது. அவர் குடையை விரித்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நடந்தார்.